லைட்ரூம் கிளாசிக் கிராப் கருவி: செட்டிநாட்டு நிலக்காட்சியைக் கறுப்பு வெள்ளையில் வெட்டிப் பார்த்தால்

செட்டிநாட்டில் மலைத்தொடர் கிடையாது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் என்று அங்கங்கே ஒரு பாறைக்குன்று தலைதூக்கும். மற்றபடி பொட்டல், கண்மாய், ஊருணி, பனை, சீமைக்கருவேலம், செம்மண். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் அடிவானம் ஒரே கோடாகக் கிடக்கும். அதற்கு மேலே பாதிப் படத்துக்கு வெளுத்த வானம். வண்ணப் படமாக இருக்கும்வரை செம்மண் நிலைமையைச் சமாளித்துவிடும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் செம்மண்ணும் வேப்பந்தழையும் ஒரே சாம்பலில் ஒட்டிக்கொள்ள, வானம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு, எது எதன் பக்கத்தில் என்ற முடிவு இந்த ஊர்ப் படங்களுக்குப் பெரும்பாலும் கிராப்பில்தான், அதாவது ஓரங்களை வெட்டும்போதுதான் எடுக்கப்படுகிறது.

அந்த வேலைக்கு அடோபி லைட்ரூம் கிளாசிக் என்ற படத்திருத்த மென்பொருளின் கிராப் கருவி எப்படி என்பதுதான் இங்கே கேள்வி. 5க்கு 4 கொடுக்கலாம். மூலக் கோப்பில் கை வைக்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம், வேகமாக வெட்டலாம், சுற்றிலும் உள்ளதை மறைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம். படத்தின் அமைப்புக்கு உதவும் என்று அது காட்டும் கட்டங்கள்தான் கறுப்பு வெள்ளையில் கை கொடுக்கவில்லை.

முதலில் வேலையின் வரிசை. பலரும் படத்தைத் திறந்ததும் 'ஆர்' விசையைத் தட்டி வெட்டிவிட்டு, பிறகு கறுப்பு வெள்ளைக்குப் போகிறார்கள். இது தலைகீழ். லென்ஸ் புரொஃபைல் திருத்தம், தேவைப்பட்டால் அப்ரைட் (சாய்ந்த கோடுகளைத் தானாக நிமிர்த்தும் வசதி), அடுத்து 'வி' விசையால் கறுப்பு வெள்ளை, ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளுப்பாக வர வேண்டும் என்று தீர்மானிக்கும் பி அண்ட் டபிள்யூ மிக்ஸரில் ஏறக்குறைய ஒரு நிலை, அதன் பிறகே கிராப். அப்ரைட்டை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு: வெட்டிய படத்தில் அப்ரைட் முறையைத் தேர்ந்தெடுத்தால் செய்து வைத்த கிராப் அழிந்துவிடும். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால் தப்பும். ஆனால் இதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. லென்ஸ் திருத்தத்தை முதலில் செய்யாவிட்டால் வேறொரு வினை. லென்ஸ் நான்கு மூலைகளையும் சற்று இருட்டாக்கும். படத்தின் இடப்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வலப்பக்கத்தை வெட்டினால், இடது மூலைகளில் இருட்டு இருக்கும், வலது மூலைகளில் இருக்காது. பரந்த வானத்தில் இது அழுக்குத் திட்டு மாதிரித் தெரியும். வண்ணத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாத இந்தச் சாய்வு, சாம்பல் வானத்தில் உடனே பிடிபட்டுவிடும்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பதற்கு ஐயனார் கோயில் புரவியைவிட நல்ல சாட்சி இல்லை. சுட்ட மண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. பின்னால் வேம்பும் ஆலும் அடர்ந்த தோப்பு. வண்ணத்தில் செங்கல் நிறக் குதிரை பச்சைக்கு முன்னால் பளிச்சென்று பிரிந்து நிற்கும். அதை நம்பிக் குதிரையின் தலையை அடர்ந்த தழைக்கு நேராக வைத்து நெருக்கமாக வெட்டிவிடுவோம். நிறத்தை எடுத்ததும் தலை தழைக்குள் கரைந்துபோகும், கழுத்து மணி மட்டும் மிதக்கும். மிக்ஸரில் ஆரஞ்சை +30 முதல் +40 வரை, சிவப்பை +20 ஏற்றினால் மண் வெளுக்கும். தழையை இருட்டாக்கப் பச்சையை மட்டும் இறக்கினால் போதாது. நம் ஊர் வேப்பந்தழையில் மஞ்சள்தான் அதிகம், எனவே மஞ்சளையும் -20 அளவுக்கு இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் காலடியில் காய்ந்த புல்லும் சேர்ந்து இருண்டுவிடும். எது இருண்டது, எது தப்பியது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கீழ் விளிம்பை எங்கே நிறுத்துவது என்று சொல்ல முடியும்.

அதே புரவிப் படத்தில் மேல் விளிம்பையும் கவனியுங்கள். தழைகளுக்கு இடையில் வானம் வெள்ளைப் பொத்தல்களாக எட்டிப் பார்க்கும். அந்தப் பொத்தல்கள் படத்தின் நடுவில் இருந்தால் தழையின் ஒளியாகத் தெரியும். விளிம்பைத் தொட்டால் அச்சுத்தாளின் வெள்ளையோடு சேர்ந்து, படத்தை எலி கடித்தது போல ஆகிவிடும். ஒன்று, இருண்ட கிளை மேல் விளிம்பை மூடும் இடம்வரை இறக்கி வெட்ட வேண்டும். இல்லையென்றால் பொத்தல்கள் முழுதாக உள்ளே இருக்கும்படி மேலே ஏற்றி நிறுத்த வேண்டும். குதிரைகளைப் பொறுத்தவரை, 3:2 சட்டகத்தில் ஐந்து குதிரைகள் அரைகுறையாக நின்றால், 4:5க்கு வந்து மூன்றை முழுதாக வைப்பது பெரும்பாலும் மேல். முழங்காலில் வெட்டுவது கூடாது. கால் தரையைத் தொடும் இடத்தில் விழும் கறுப்பு நிழல்தான் குதிரைக்கு எடை தருகிறது. அது போனால் குதிரை அந்தரத்தில் நிற்கும்.

இனி கருவியின் நடத்தை. லைட்ரூமில் சட்டகம் அசையாது, படம்தான் சட்டகத்துக்கு அடியில் நகரும். புதிதாக வருபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், மவுஸை எந்தப் பக்கம் இழுப்பது என்று குழம்பும். இரண்டு நாளில் பழகிவிடும். பழகிய பிறகு இதுவே சரி என்று தோன்றும், ஏனென்றால் வெட்டப்பட்ட படம் எப்போதும் திரையின் நடுவில், நேராக நிற்கிறது. 'எக்ஸ்' விசை கிடையை நெடுக்காகவும் நெடுக்கைக் கிடையாகவும் மாற்றும். 'ஏ' விசை விகிதத்தைப் பூட்டும், திறக்கும். ஆல்ட் பிடித்து இழுத்தால் மையம் நகராமல் நான்கு பக்கமும் ஒன்றாகச் சுருங்கும்; குளத்தில் நேர் எதிர் பிம்பம் உள்ள படங்களுக்கு இது அருமையான வசதி.

'ஓ' விசையைத் தட்டத் தட்ட மூன்றில் ஒரு பங்குக் கட்டம், மூலைவிட்டம், முக்கோணம், பொன் விகிதம், பொற்சுருள் என்று மாறி மாறி வரும். ஷிஃப்டோடு சேர்த்தால் சுருளின் திசை திரும்பும். பார்க்க அழகு. ஆனால் இந்தக் கோடுகளுக்கு இடம் மட்டும்தான் தெரியும், எடை தெரியாது. படத்தின் மூன்றில் ஒரு பங்கில் ஒற்றைப் பனை நின்றால் கட்டம் 'சரி' என்று சொல்லும். எதிர்ப் பக்கத்தில் வெயில் பட்டு வெளுத்த ஒரு சுண்ணாம்புச் சுவர் கையளவு தெரிந்தால், கண் பனையை விட்டுவிட்டு அங்கே ஓடும். வண்ணத்தில் அந்தச் சுவர் மங்கிய மஞ்சளாக இருந்து யாரையும் தொந்தரவு செய்திருக்காது. டூல் ஓவர்லேயை 'நெவர்' என்று வைத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம்: போட்டோ மெனுவில் ஃபிளிப் ஹரிஸான்டல் கொடுத்துப் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய காட்சி புதிதாகிவிடும், எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்று நொடியில் தெரியும். பார்த்துவிட்டு மறக்காமல் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் கோயில் பலகையின் எழுத்து இடவலம் மாறி அச்சாகும்.

இந்தக் கருவியில் மிகவும் மெச்ச வேண்டியது 'எல்' விசை. கிராப் நிலையில் இருக்கும்போதே ஒரு தடவை தட்டினால் சுற்றுப்புறம் மங்கும், இரண்டாவது தடவை தட்டினால் வெட்டிய பகுதி தவிர எல்லாமே மறைந்துவிடும். விளிம்புகளை இழுத்துக்கொண்டே விளைவைப் பார்க்கலாம். இயல்பாக அது கறுப்பாக மறைக்கும். கறுப்புக்கு நடுவில் எந்த வானமும் ஒளிரும், எந்த விளிம்பும் கச்சிதமாகத் தெரியும். அச்சிட்டு வெள்ளை மவுண்ட்டில் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வைத்தால் அதே வானம் தாளோடு கரைந்துவிடும். பிரிஃபரன்ஸஸில் இன்டர்ஃபேஸ் பகுதிக்குப் போய் லைட்ஸ் அவுட் நிறத்தை வெள்ளையாக மாற்றுங்கள். மறுபடியும் 'எல்' தட்டிப் பார்த்தால், செட்டிநாட்டு மதிய வானம் உள்ள படங்களில் பாதிக்கு மேல் விளிம்பே காணாமல் போயிருக்கும். அப்போது இரண்டே வழி: வானத்தை வெட்டிக் குறைப்பது, அல்லது அதற்கு ஒரு சாம்பல் தொனி கொடுப்பது. பி அண்ட் டபிள்யூ மிக்ஸரில் நீலத்தை இறக்கினால் வானம் இருளும். ஆனால் -60ஐத் தாண்டினால் பனையோலை நுனிகளைச் சுற்றி வெள்ளைக் கீற்று வரும், வானத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் என்னும் இரைச்சல் தெரியும். மூடுபனியோ புழுக்கமோ வெளுக்க வைத்த வானத்தில் நீலமே இல்லை என்பதால் மிக்ஸரால் ஒன்றும் ஆகாது. மேலிருந்து ஒரு லீனியர் கிரேடியன்ட் (படிப்படியாகக் குறையும் இருட்டு), எஃபெக்ட்ஸில் போஸ்ட்-கிராப் விக்னெட்டிங் (ஓரங்களை இருட்டாக்குவது) -8 முதல் -15 வரை போதும். இந்த விக்னெட் வெட்டிய சட்டகத்தையே கணக்கில் எடுக்கும். கிராப்பை மாற்றினால் அதுவும் கூடவே நகரும். கிரேடியன்ட் அப்படியில்லை, மூலப் படத்தில் போட்ட இடத்திலேயே நிற்கும். வானத்தைப் பாதி வெட்டிய பிறகு பழைய கிரேடியன்ட் பனைக் கொண்டையில் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

வெட்டியதும் படத்தின் தொனியே மாறிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்தில் வெள்ளை வானம் இருக்கும்வரை இருண்டு தெரிந்த சாம்பல், வானத்தை வெட்டியதும் வெளுத்துச் சோகையாகத் தெரியும். சாம்பல் மாறவில்லை, அதன் அண்டை வீட்டுக்காரர் போய்விட்டார். ஆகவே கிராப்புக்குப் பிறகு வெளுப்பையும் கறுப்பையும் கூட்டிக் குறைக்கும் வைட்ஸ், பிளாக்ஸ் இரண்டையும் மறுபடி தொட்டே ஆக வேண்டும். ஆல்ட் பிடித்துக்கொண்டு நகர்த்தினால் எங்கே வெளுத்து எரிகிறது, எங்கே கறுப்பில் மூழ்குகிறது என்று திரை காட்டும்.

ஊருணிப் படங்களில் நேராக்குவதே தனிக் கலை. காலையில் காற்று எழுவதற்கு முன் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மூன்று பக்கமும் செம்புரைக்கல் படிகள், எதிர்க்கரையில் இரண்டு பனை. கோடு இழுத்துப் படத்தை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்டன் கருவியை எடுத்ததும் கை தானாக எதிர்க்கரைத் தண்ணீர்க்கோட்டின் மேல் கோடு இழுக்கும். கரை கேமராவுக்கு நேர் எதிராக இருந்தால் சரி. சாய்வாக ஓடினால் அந்தக் கோடு படத்தில் சாய்ந்தே தெரிய வேண்டும். அதைப் படுக்கை ஆக்கினால் பனைகள் கவிழும். நம்பத் தகுந்த கோடு வேறு: ஒரு பொருளும் தண்ணீரில் அதன் பிம்பமும் ஒரே செங்குத்தில்தான் இருக்கும். படத்தின் நடுப்பகுதியில் உள்ள பனையின் நுனியிலிருந்து பிம்பத்தின் நுனிவரை கோடு இழுங்கள். பனை கோணலாக வளர்ந்திருந்தாலும் கவலையில்லை. கருவி அதைச் செங்குத்து என்று புரிந்துகொண்டு திருப்பிவிடும். கோணப் பெட்டியில் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்வரை தட்டச்சு செய்தும் திருத்தலாம்.

திருப்புவதற்கும் விலை உண்டு. 3:2 படத்தை அதே விகிதத்தில் வைத்துக்கொண்டு 1 டிகிரி திருப்பினால் பரப்பில் சுமார் 5 சதவீதம் போகும், 2 டிகிரிக்குச் சுமார் 10, 3 டிகிரிக்குச் சுமார் 14. படம் எடுக்கும்போது ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு எடுப்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஊருணியில் கரைக்கோட்டை நடுவில் வைக்கக் கூடாது என்ற விதியைத் தாராளமாக மீறலாம். தண்ணீரில் தெரியும் வானம் மேலே உள்ள வானத்தைவிடக் கொஞ்சம் இருண்டே இருக்கும். அளவில் இரண்டும் சரிபாதியாக இருந்தாலும் கீழ்ப்பாதிக்குக் கனம் கூடுதல். படம் தானாகவே தரையில் உட்காரும். 1:1 சதுரத்தில் இது இன்னும் அழகாக வரும். சதுரத்தில் கண் இடம் வலம் அலையாமல் மையத்தைச் சுற்றும். பிரிட்டனைச் சேர்ந்த மைக்கேல் கென்னா கறுப்பு வெள்ளை நிலக்காட்சியைச் சதுரத்திலேயே காட்டிப் பெயர் பெற்றவர். பனையின் நுனி முழுதாக உள்ளே இருந்து, பிம்பத்தின் நுனி மட்டும் கீழ் விளிம்பில் அறுபடுவதுதான் இந்த வகைப் படத்தின் பெரிய பிழை. இரண்டும் முழுதாக இருக்கட்டும், அல்லது பிம்பத்தைப் பாதியிலேயே தயங்காமல் வெட்டுங்கள்.

சித்திரையில் வற்றிய கண்மாய் இதற்கு நேர் எதிர். அகலமான பொட்டல், தூரத்தில் கரை, அதன் மேல் பனை வரிசை. 3:1 பனோரமா வெட்டு இங்கே பொருந்தும். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000க்கு 4000 படத்தில் அது 6000க்கு 2000, அதாவது 12 மெகாபிக்சல். சதுரத்துக்கு வெட்டினால் 16 கிடைக்கும். நீள அகலம் இரண்டையும் பாதியாக்கினால் 6 மெகாபிக்சல்தான். 300 டிபிஐ கணக்கில் 10 அங்குல அச்சுக்கு மேல் தாங்காது, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) கூட்டி எடுத்திருந்தால் வானத்தின் நாய்ஸும் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். பனை வரிசையில் பார்க்க வேண்டியது மரங்களைவிட மரங்களுக்கு நடுவில் உள்ள வெளி. கடைசி மரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே அந்த இடைவெளியில் பாதியாவது விடுங்கள். கறுத்த மரம் விளிம்பை ஒட்டி நின்றால் படத்துக்குப் பார்டர் போட்டது போலாகும்.

ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி 1687இல் கட்டிய திருமயம் கோட்டையும் அது உட்கார்ந்திருக்கும் பாறையும் வெயில் ஏறினால் ஒரே சாம்பல்தான். பக்கவாட்டு வெளிச்சம் இல்லாத படத்தை எந்த வெட்டும் காப்பாற்றாது. பாறைச் சரிவு சட்டகத்தின் மூலையில் சரியாக முட்டாமல், மூலைக்குச் சற்றுத் தள்ளி வெளியேறும்படி வெட்டினால் கண் மூலை வழியே நழுவாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கிராப் பெட்டியில் பிக்சல் அளவைத் தட்டச்சு செய்ய வழி இல்லை, விகிதம் மட்டும்தான். வெட்டிய அளவைப் பார்க்க கண்ட்ரோல்-ஜே கொடுத்து வியூ ஆப்ஷன்ஸில் கிராப்டு டைமென்ஷன்ஸைத் தேர்ந்துகொண்டு, 'ஐ' விசையால் திரையில் வரவழைக்க வேண்டும். ஒரே படத்துக்குச் சதுரம், 4:5, 3:1 என்று மூன்று வெட்டுகள் வேண்டுமென்றால் வர்ச்சுவல் காப்பி (கோப்பை நகலெடுக்காமல் திருத்தங்களை மட்டும் தனியாக வைக்கும் பிரதி) எடுத்து, மூன்றையும் தேர்ந்து 'என்' தட்டிப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். இதற்கு ஈடு இல்லை. ஆனால் வர்ச்சுவல் காப்பிகள் கேட்டலாக் என்ற லைட்ரூமின் பதிவேட்டில் மட்டுமே இருக்கின்றன, படத்தின் பக்கத்திலேயே திருத்தங்களைச் சேமிக்கும் எக்ஸ்எம்பி கோப்பில் பதிவதில்லை. கேட்டலாக் கெட்டால் வெட்டுகளும் போய்விடும், பேக்கப் கட்டாயம்.

மாதச் சந்தா கட்ட மனமில்லாதவர்களுக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம். வெட்டுவதற்கு ஒரு மாட்யூல், திருப்புவதற்கும் பெர்ஸ்பெக்டிவுக்கும் வேறொன்று என்று பிரித்து வைத்திருக்கிறது. கற்றுக்கொள்ள நாளாகும், முடிவில் குறைவு சொல்ல முடியாது. கைபேசியில் ஸ்னாப்சீட் செயலி போதும் என்பவர்கள், அதன் கறுப்பு வெள்ளைக் கருவியில் சிவப்பு அல்லது ஆரஞ்சு ஃபில்டரை வைத்துவிட்டு, பிறகு கிராப்பில் ஃப்ரீ தேர்ந்து வெட்டலாம்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் கடைசி முடிவுக்கு முன் 8க்கு 12 அளவில் ஒரு சோதனை அச்சுப் போட்டு, கறுப்புச் சார்ட் தாளில் 2 அங்குல அகலத்துக்கு வெட்டிய இரண்டு 'ட' வடிவப் பட்டைகளை அதன் மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். திரையில் அரைமணி நேரம் இழுத்தும் தெளியாதது ஐந்து நிமிடத்தில் தெளியும். வெள்ளைத் தாளில் இன்னொரு ஜோடி செய்துகொண்டால் மவுண்ட் போட்ட பின் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

அச்சுக் கடையில்தான் நல்ல கிராப்கள் பல வீணாகின்றன. காரைக்குடியானாலும் தேவகோட்டையானாலும் கல்யாண ஆல்பம் போடும் லேபில் 12க்கு 18, 12க்கு 15 போன்ற அளவுகள்தான் கிடைக்கும். 12க்கு 18 என்பது 3:2. அதே படத்தை 12க்கு 15 தாளில் கேட்டால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு தானாக வெட்டுப்படும், எந்தப் பக்கம் என்று உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். ஓரம் இல்லாத அச்சில் சுற்றிலும் சில மில்லிமீட்டர் கூடுதலாகப் போகும். ஃபிரேமின் மவுண்ட் இன்னும் கொஞ்சம் விழுங்கும். விளிம்பை ஒட்டி வைத்த பனை அங்கேயே பலி. எனவே தாளின் விகிதத்திலேயே கோப்பைத் தயார் செய்து, படத்தை அதற்குள் வெள்ளை ஓரத்தோடு வைத்துக் கொடுங்கள். சதுரப் படத்தை 12க்கு 18 தாளில் 10க்கு 10 ஆக வைத்தால் மேலும் கீழும் 1 அங்குலம், பக்கங்களில் 4 அங்குலம் மிஞ்சும். வானம் வெளுப்பாக இருந்தால் படத்தைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு ஒன்று போட்டுவிடலாம். 3:1 கண்மாய்ப் படத்துக்கோ இன்னும் சுலபம்: ஒரே 12க்கு 18 தாளில் 18க்கு 6 அளவில் இரண்டு படங்கள் மிச்சமில்லாமல் அடங்கும், 6000 பிக்சலுக்கு அங்குலத்துக்கு 333 வரும். வாங்கி வந்து நடுவில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து நீங்களே கத்தியால் கீறிக்கொள்ளுங்கள்.